ஒரு குரல், ஒரு கிட்டார், பிறர் எழுதிய பாடல்கள்: ஜானி கேஷின் 1994 ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஜானி கேஷைப் பற்றி வந்த கேள்வி இது: "ஜானி கேஷின் 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' ஆல்பத்தை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடுகிறார்கள். இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். வயதானவர் ஒருவரின் குரல், ஒரே ஒரு கிட்டார், அதிலும் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதிய பாட்டு. இதில் என்ன சாதனை? எப்படிக் கேட்டால் இது பிடிபடும்?"

எனக்கும் முதல் முறை இது பிடிபடவில்லை. மேசைக் கணினியோடு வந்த சிறிய ஸ்பீக்கரில் கேட்டேன். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, வாசலில் தண்ணீர் லாரி நின்று இரைந்துகொண்டிருந்தது. நான்கு பாடல்களோடு நிறுத்திவிட்டேன். சில வருடங்கள் கழித்து, மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஒரு கோடை இரவில், மின்விசிறி நின்று தூக்கமும் போனபிறகு, செல்போனில் கிடந்த அதே பாடல்களை இயர்போனில் போட்டேன். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அப்போதுதான் வரிக்கு முன்னால் அவர் மூச்சை இழுப்பது காதில் விழுந்தது. வரியின் கடைசிச் சொல்லில் குரல் மெலிந்து, கரகரத்து, ஏறக்குறையப் பேச்சாக மாறி நிற்பது கேட்டது. தடித்த தந்தியின் அதிர்வு அடங்கும்வரை அடுத்த வரியைத் தொடாமல் அவர் பொறுத்திருப்பது கேட்டது. 13 பாடல்களையும் கேட்டு முடித்தேன். கரண்ட் வந்தபோது எழுந்து போய் மின்விசிறியை அணைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன்.

எனவே முதலில் சொல்லவேண்டியது, இதை நல்ல இயர்போனில், இரவில், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். டிரம்ஸும் பேஸும் உள்ள பாடல் இரைச்சலுக்கு நடுவிலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஒற்றைக் குரலும் ஒற்றைக் கிட்டாரும் உள்ள பதிவில் பாதி விஷயம் மெல்லிய ஒலிகளில்தான் இருக்கிறது. அவை காதில் விழாவிட்டால் கோட்டோவியத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பது போலத்தான். வெள்ளைத்தாள் மட்டுமே தெரியும்.

இனி "மற்றவர்கள் பாட்டு" என்ற விஷயம். கணக்கைச் சரியாகப் பார்த்துவிடுவோம். 13 பாடல்களில் நான்கு கேஷே எழுதியவை. இரண்டு பழைய நாட்டுப்பாடல்கள். மீதி ஏழும் பிறருடையவை: லியனார்ட் கோஹன், டாம் வெயிட்ஸ், நிக் லோ, கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன், லவுடன் வெயின்ரைட், ஜிம்மி டிரிஃப்ட்வுட், ஹெவி மெட்டல் பாடகர் க்ளென் டான்ஸிக் ஆகியோர் எழுதியவை. இந்த ஏழிலும் மூன்று பாடல்கள், அதாவது லோ, வெயிட்ஸ், டான்ஸிக் எழுதியவை, முதன்முதலில் வெளிவந்ததே கேஷின் குரலில்தான். எழுதியவர்கள் தங்கள் குரலில் வெளியிட்டது அதற்குப் பின்புதான். ஆக, முழுக்க 'கவர்' பாடல்களாலான, அதாவது பிறர் பாடல்களை எடுத்துப் பாடிய, ஆல்பம் என்று இதைச் சொல்வது சரியில்லை. ஆனால் கேட்பவர் மனத்தில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

பிறர் பாட்டைப் பாடுவதில் என்ன பெருமை என்று கச்சேரி கேட்டு வளர்ந்த ஒருவர் கேட்கமாட்டார். தியாகராஜர் கீர்த்தனையைப் பாடுகிறவரிடம் "சொந்தமாக ஒன்றும் இல்லையா?" என்று யாரும் கேட்பதில்லை, நேற்று இன்னொருவர் பாடியதை இன்று இவர் எப்படிப் பாடுகிறார் என்றுதான் காது பார்க்கிறது. அமெரிக்க நாட்டார் இசையிலும் வெகுகாலம் அதுதான் வழக்கம். 1960களில் தானே எழுதித் தானே பாடுபவர்தான் உண்மையான கலைஞர் என்ற எண்ணம் வேரூன்றிய பிறகுதான் 'கவர்' என்ற சொல்லுக்கு ஒரு இரண்டாந்தர வாடை வந்தது. உங்கள் கேள்வியில் இருப்பதும் அந்த வாடைதான்.

கேஷ் அப்போது எந்த நிலையில் இருந்தார் என்பது தெரிந்தால் ஆல்பத்தின் கனம் கூடும். 1932இல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். 1955இல் மெம்ஃபிஸ் நகரின் சன் ரெக்கார்ட்ஸில் முதல் இசைத்தட்டு. 1958இல் கொலம்பியா நிறுவனத்துக்குப் போனார். 1968இல் ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன் பாடிய பதிவு அவரை உச்சியில் ஏற்றியது. அதே கொலம்பியா 1986இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் கைவிட்டது. அடுத்துப் போன நிறுவனத்திலும் பதிவுகள் எடுபடவில்லை. 1990களின் தொடக்கத்தில் வானொலிக்கு அவர் பழைய ஆள். கச்சேரிகளில் பழைய பாடல்களைப் பாடிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ரிக் ரூபின் என்ற முப்பது வயதுத் தயாரிப்பாளர் அவரைத் தேடிவந்தார். கல்லூரி விடுதி அறையில் டெஃப் ஜாம் நிறுவனத்தைத் தொடங்கி, ராப் இசைக்கும் ஹெவி மெட்டலுக்கும் பெயர் பெற்றவர்; நீளத் தாடிக்காரர். நாட்டுப்புற இசை உலகத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ரூபின் செய்தது எளிமையான காரியம். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த தன் வீட்டு வரவேற்பறையில் கேஷை உட்காரவைத்து, கிட்டாரை எடுத்துத் தனக்குப் பிடித்த பாடல்களையெல்லாம் பாடச் சொன்னார். 1993 மே மாதம் தொடங்கியது இது. பதிவுகள் சேரச்சேர, இவற்றுக்குப் பின்னணி இசை சேர்ப்பதா என்ற கேள்வி வந்தது. இசைக்குழுவோடும் பதிவு செய்து பார்த்தார்கள். கடைசியில் வரவேற்பறைப் பதிவுகளே போதும் என்று முடிவாயிற்று. டென்னசியில் ஹெண்டர்சன்வில் என்ற ஊரில் கேஷுக்குச் சொந்தமான மரவீட்டில் சில பாடல்கள் பதிவாயின. இப்படி ஒரு ஆல்பம் செய்யவேண்டும் என்ற ஆசை கேஷுக்குப் பல வருடங்களாகவே இருந்தது; பின்னிரவையும் தனிமையையும் குறிக்கும் ஒரு தலைப்பைக்கூட மனத்தில் வைத்திருந்தார். எந்த நிறுவனமும் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

இதில் ஒரு பெரிய அச்சமும் இருந்தது. அதுவரை அவருக்குப் பின்னால் எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். தொடக்கத்தில் மின்கிட்டாருக்கு ஒருவர், பேஸுக்கு ஒருவர், 1960 முதல் டிரம்ஸுக்கு ஒருவர். அவர் பாடல்களின் 'டக்கு-டிக்கு' என்று ரயில் ஓடுவது போன்ற தாளம் அந்தக் குழுவின் கைவண்ணம். டிரம்ஸ் இல்லாத தொடக்கக் காலத்தில், 1956இல், கிட்டார் தந்திகளுக்கு இடையே காகிதத்தைச் செருகி அந்தச் சரசரப்பைத் தாளமாக்கியவர் அவர். கைக்கெட்டியதை வைத்துச் சமாளிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் கிட்டார் வித்தகர் அல்லர். விரல்வித்தை காட்டி நேரத்தைப் போக்க அவரால் முடியாது. இந்த ஆல்பத்தில் கிட்டார் செய்வதெல்லாம், குரல் நிற்க ஒரு தரை போட்டுக்கொடுப்பது மட்டும்தான். பாடல் எடுபடவில்லையென்றால் பழிபோட வேறு ஆள் கிடையாது.

தாளவாத்தியம் இல்லாததில் ஒரு விடுதலையும் உண்டு. டிரம்ஸ் இருந்தால் நான்கு தட்டுக்குள் வரி முடிந்தாகவேண்டும். அது இல்லையென்றால் ஒரு சொல்லை நினைத்துப் பார்த்துச் சொல்லலாம், அரைத்தட்டு தாமதிக்கலாம், அடுத்த வரிக்கு முன் மூச்சு வாங்கலாம். மைக்கின் தன்மை ஒன்றும் இங்கே உதவுகிறது. ஒரு திசையிலிருந்து மட்டும் ஒலி வாங்கும் மைக்கை வாய்க்கு மிக அருகில் கொண்டுவந்தால் கீழ்ஸ்தாயி ஒலிகள் தடித்துக் கேட்கும். ஏற்கெனவே அடித்தொண்டைக் குரல் உள்ளவருக்கு அது இன்னும் கனம் கூட்டும். பெரிய அரங்கில் பாடுகிறவர் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று குரலை எறிகிறார். இங்கே எறியவேண்டிய தேவை இல்லை. எதிர் நாற்காலியில் இருக்கும் ஒருவருக்குச் சொல்கிற அளவில் சொன்னால் போதும்.

அப்படி எதிரே உட்கார்ந்து ஒருவர் சொல்லும்போது, கேட்பவர் மனத்தில் இயல்பாக எழும் கேள்வி, "இதைச் சொல்வது யார்?" என்பதுதான். இந்த வகை ஆல்பங்களின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பாட்டை யார் எழுதினார் என்பது பின்னால் போய்விடும். பாடுகிறவர் அந்தச் சொற்களுக்குத் தன்னைப் பொறுப்பாக்கிக்கொள்கிறாரா என்பதுதான் முன்னால் நிற்கும்.

இதைக் கேட்டு உணர ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள், ஆல்பத்தின் முதல் பாடலான 'டெலியாஸ் கான்'. அதைக் கேட்பதற்கு முன் அதில் வரும் டெலியா யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஜார்ஜியா மாநிலம் சவான்னா நகரின் யமக்ரா பகுதியில், டெலியா கிரீன் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுமி சுடப்பட்டாள். சுட்டவன் மோசஸ் ஹூஸ்டன் என்ற, ஏறக்குறைய அவள் வயதே ஆன சிறுவன். கிறிஸ்துமஸ் அன்று விடியுமுன் அவள் உயிர் போயிற்று. அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1913இல் பரோலில் வெளிவந்தான். அந்த மரணம் பாட்டாயிற்று. தென்மாநிலங்களில் வாய்வழியாகப் பரவியது, கடல் தாண்டி பஹாமாஸ் தீவுகளுக்கும் போயிற்று, அங்கிருந்து வேறு மெட்டில் திரும்பி வந்தது. பார்வையற்ற ஜார்ஜியப் பாடகர் வில்லி மெக்டெல் 1940இல் இதைப் பதிவு செய்திருக்கிறார். பாட்டு ஊர் ஊராகப் போன வழியில் அந்தச் சிறுமியின் வயது உதிர்ந்துவிட்டது. கேட்கிறவர்கள் அவளை வளர்ந்த பெண்ணாகவே நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது கேஷ் செய்வதைக் கவனியுங்கள். கொலைகாரனே கதை சொல்கிறான். ஊர் மெம்ஃபிஸ் ஆகிவிட்டது. அவளைத் தேடிப் போனது, நாற்காலியில் கட்டியது, சுட்டது எல்லாவற்றையும் சந்தைக்குப் போய்வந்த கதையைச் சொல்வது போன்ற நிதானத்தில் சொல்கிறார். குரல் ஒரு இடத்திலும் உயர்வதில்லை. சிறையறையில் இரவில் தூக்கமில்லை. கட்டிலைச் சுற்றி அவள் காலடியோசை கேட்கிறது என்று சொல்கிற இடத்திலும் அதே நிதானம். அந்தச் சமநிலைதான் உறையவைக்கிறது. கேஷ் இதே பாடலை 1962இலும் பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முப்பது வயதில் அது ஒரு கதைப்பாடல். பாடகர் வெளியே நின்று கதை சொல்கிறார். அறுபதைத் தாண்டிய குரலில், வேறு எந்த வாத்தியமும் இல்லாமல் கேட்கும்போது, ஒருவன் நம் எதிரே உட்கார்ந்து ஒப்புக்கொள்வதாக இருக்கிறது.

இந்தப் பாடலை வெறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெறுப்பதில் நியாயம் உண்டு. ஒரு பெண்ணைக் கொன்றவனின் வாயில் பாட்டைக் கொடுத்து, கொலையுண்டவளுக்கு ஒரு சொல்லும் கொடுக்காத பாடல் இது. இதற்கு எடுத்த வீடியோவில் மாடல் கேட் மாஸ் டெலியாவாக நடித்தார். அவர் உடல்மேல் மண் தள்ளும் காட்சிகளுக்கு எம்டிவியில் எதிர்ப்பு வந்தது. என் நிலை இதுதான்: பாடலை நான் கேட்கிறேன், ஆனால் 14 வயது என்பதை மறக்காமல் கேட்கிறேன். கொலைகாரனை அலங்கரிக்காமல், அவனுக்காகக் கெஞ்சாமல் கேஷ் பாடியிருப்பதால்தான் அப்படிக் கேட்க முடிகிறது.

இதில் அபூர்வமான ஒரு ஒற்றுமை உண்டு. அதே 1993 மே மாதம், கலிஃபோர்னியாவின் மலிபு நகரில், பாப் டிலன் தன் வீட்டுக் கராஜில் இருந்த ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து அதே டெலியாவைப் பாடிக்கொண்டிருந்தார். அது அந்த ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 'வேர்ல்ட் கான் ராங்' ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஆல்பத்தில் டிலன் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் பழைய நாட்டுப்பாடல்களும் பிளூஸ் பாடல்களும்தான், கிட்டாரும் ஹார்மோனிகாவும் மட்டும். நீங்கள் சொல்லும் வகைக்குக் கேஷைக் காட்டிலும் பொருத்தமான ஆல்பம் அதுதான். டிலனின் டெலியா பாடலில் பேசுகிறவன் கொலைகாரன் இல்லை. அவளை இழந்து தவிக்கும் ஒருவன். நீதிபதியும் குற்றவாளியும் பேசிக்கொள்வதைச் சொல்கிறான், 99 ஆண்டுத் தண்டனையைச் சொல்கிறான், ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் தன் நண்பர்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்ற ஒரே புலம்பலுக்குத் திரும்பி வருகிறான். கேஷின் பாடலைக் கேட்டதும் ஒரு குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தது போல இருக்கும். டிலனின் பாடல் மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே இறங்கும். ஒரே மரணம், ஒரே மாதம், இரண்டு அறைகள். பாடுகிறவர் யாராக நின்று பாடுவது என்று எடுக்கும் முடிவு ஒரு பாட்டை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று என் கைவசம் இல்லை.

அடுத்து 'த பீஸ்ட் இன் மீ'. தனக்குள் கூண்டில் அடைபட்ட ஒரு மிருகத்தைப் பற்றிய பாட்டு. இங்கிலாந்துக்காரரான நிக் லோ எழுதியது. கேஷின் மனைவி ஜூன் கார்ட்டரின் மகளை மணந்தவர் அவர். அந்த வகையில் கேஷுக்கு மருமகன். ஓர் இரவு கேஷை மனத்தில் வைத்து எழுதத் தொடங்கியவர் பாதியில் மாட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்த கேஷ் பாட்டைக் கேட்டார், பாதிதான் இருந்தது. அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் அந்த மிருகம் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாராம். மணமுறிவு ஆகி மருமகன் உறவு முடிந்தும் பாட்டு முடியவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து முடித்துக் கொடுத்தார். மாத்திரைப் போதையில் பல ஆண்டுகளைத் தொலைத்து மீண்ட ஒருவருக்கு, அவர் வீட்டு நடப்பை உள்ளிருந்து பார்த்த ஒருவர் எழுதிய பாட்டு. கேஷ் அதைப் பாடும்போது எழுதியவர் வேறொருவர் என்று நினைவு வருவதே இல்லை. ஆல்பத்தைக் கவர் ஆல்பம் என்று எல்லோரும் சொல்வதற்கும், அப்படிச் சொல்லும்போதே எல்லாம் கேஷின் பாட்டு என்று தோன்றுவதற்கும் காரணம் இதுதான். சொந்தப் பாடலையும் இரவல் பாடலையும் ஒரே பொறுப்போடு பாடியிருப்பதால் எது எது என்று பிரித்துப் பார்க்கக் காது மறுக்கிறது.

எனக்கு உடன்பாடில்லாத இரண்டு பாடல்களையும் சொல்லிவிடுகிறேன். 'டென்னசி ஸ்டட்', கடைசிப் பாடலான 'த மேன் ஹூ குடின்ட் க்ரை' இரண்டும் வெஸ்ட் ஹாலிவுட்டில் வைப்பர் ரூம் என்ற சிறிய இரவு விடுதியில் 1993 டிசம்பரில் ஆட்கள் முன்னால் பாடியவை. கூட்டம் சிரிக்கிறது, கூவுகிறது. பாடல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அதுவரை நாமும் அவரும் மட்டும் இருந்த அறைக்குள் திடீரென்று ஐம்பது பேர் நுழைந்துவிட்டது போல எனக்குப் படுகிறது. பன்னிரண்டாவது பாடலான 'லைக் எ சோல்ஜர்' போரிலிருந்து உயிரோடு மீண்ட சிப்பாயைப் போலத் தன்னை நினைத்துப் பார்க்கும் ஒருவரின் பாட்டு, கேஷே எழுதியது. ஆல்பம் அங்கே முடிந்திருக்கவேண்டும். நான் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவேன். நீங்களும் முதல் முறை அப்படிச் செய்து பாருங்கள்.

ஆல்பம் 1994 ஏப்ரல் 26 அன்று வெளிவந்தது. அப்போது அவருக்கு 62 வயது. சமகால நாட்டார் இசைப் பிரிவில் கிராமி விருது கிடைத்தது. அவரை மறந்திருந்த ஊர் திரும்பிப் பார்த்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் வயதுள்ளவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். இதெல்லாம் எங்கும் படிக்கக் கிடைக்கும் என்பதால் இதோடு விடுகிறேன்.

பாட்டை மாற்றாமல் மாற்றுவது எப்படி என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே, ஒருமுறை பதிவாகி வெளிவந்த பாடலை வேறு யார் வேண்டுமானாலும் உரிய தொகையைக் கட்டிவிட்டுப் பாடிப் பதிவு செய்யலாம். எழுதியவரின் தனி அனுமதி வேண்டியதில்லை. ஆனால் மெட்டின் அடிப்படையில் கை வைக்கக்கூடாது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதே போன்ற உரிமையைத் தருகிறது. ஆனால் பாடல் முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கவேண்டும், சொல்லிலும் இசையிலும் மாற்றம் செய்வதற்குக் கடுமையான வரம்பு உண்டு. ஆக, கவர் பாடுகிறவர் கையில் மிஞ்சுவது வேகம், சுருதி, குரல், எதை விடுவது என்ற தேர்வு. சிறிய பட்டியல்தான். ஆனால் ஷான் மார்ஷல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று பாருங்கள். கேட் பவர் என்ற பெயரில் பாடும் அவர் 2000இல் முழுக்க கவர் பாடல்களாலான ஒரு ஆல்பம் வெளியிட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாடலை எடுத்து, உலகமே சேர்ந்து கத்தும் அந்தப் பல்லவியை முழுசாக விட்டுவிட்டார். சரணங்களை மட்டும், கிட்டாரை மெல்ல மீட்டிக்கொண்டு, தூக்கம் கலையாதவர் பேசுவது போலப் பாடினார். பல்லவி வரும் வரும் என்று காது காத்துக்கொண்டே இருக்கிறது, வருவதே இல்லை. நிறைவு கிடைக்கவில்லை என்று சொல்லும் பாடலில் கேட்பவருக்கே நிறைவு கிடைக்காமல் செய்துவிட்டார். அதே ஆல்பத்தில் தன் பழைய பாடல் ஒன்றையே மற்றவர் பாட்டைப் பாடுவது போல மறுபடி பாடியும் இருக்கிறார்.

கேஷின் 'ஹர்ட்' பற்றியும் கேட்பீர்கள், ஏனென்றால் இப்போது எல்லோரும் அவரைத் தெரிந்துகொள்வது அந்தப் பாடலால்தான். அது இந்த ஆல்பத்தில் இல்லை. ரூபினோடு கேஷ் தொடர்ந்து செய்த இந்த ஆல்பம் வரிசையின் நான்காவதில், 2002இல் வந்தது. அசல் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னருடையது, 1994இல் வெளியானது. அது தனிக் கிட்டார் பதிவும் இல்லை. பியானோவும் வேறு கிட்டார்களும் உண்டு, முடிவில் ஒலி சுவர் போல எழும்பும். ஆனால் ஒரு சொல்லைக் கவனியுங்கள். அசலில் கிரீடத்தைப் பற்றிய வரியில் ஒரு கொச்சைச் சொல் இருக்கிறது. கேஷ் அதை எடுத்துவிட்டு முள்கிரீடம் என்று பாடினார். ஒரே சொல்தான். ஒரு இளைஞனின் சுயவெறுப்பு, வேதாகமத்தோடு வாழ்ந்த ஒரு முதியவரின் பாவ அறிக்கையாகிவிட்டது. வீடியோவில், வெள்ளத்தில் சேதமாகி மூடிக் கிடந்த அவருடைய அருங்காட்சியகம் வருகிறது. மாடிப்படியில் நின்று அவரைப் பார்க்கும் ஜூன் வருகிறார். 2003 மே மாதம் ஜூன் இறந்தார், செப்டம்பரில் கேஷ் இறந்தார்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் 'டெலியாஸ் கான்', அடுத்து டிலனின் 'டெலியா', பிறகு 'த பீஸ்ட் இன் மீ', கோஹனின் 'பேர்ட் ஆன் எ வயர்', 'லைக் எ சோல்ஜர்'. இவை உள்ளே போனால் முழு ஆல்பத்துக்கும் திரும்புங்கள். அதுவும் பழகிய பிறகு, அவர் இறந்தபின் 2004இல் தனியாக வெளிவந்த 'மை மதர்ஸ் ஹிம்ன் புக்'. இவை எல்லாவற்றிலும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். தான் செய்தவற்றிலேயே தனக்கு மிகவும் பிடித்தது இது என்று கேஷும் சொல்லியிருக்கிறார்.

அவருடைய தாய் கேரி வைத்திருந்த பழைய பாமாலைப் புத்தகத்திலிருந்து 15 பாடல்கள். வேறு வாத்தியம் இல்லை, வேறு குரல் இல்லை. ஆர்கன்சாவில் டையஸ் என்ற ஊரில் 20 ஏக்கர் பருத்திக்காட்டில் வேலை செய்துகொண்டே குடும்பமாகப் பாடிய பாடல்கள் இவை. அண்ணன் ஜாக் 1944இல் மரம் அறுக்கும் ரம்பத்தில் சிக்கி இறந்தபோது கேஷுக்கு 12 வயது. அடக்கம் முடிந்த மறுநாளே குடும்பம் முழுவதும் பருத்திக்காட்டுக்குத் திரும்பவேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறார். மகனின் குரல் கடவுள் கொடுத்த வரம் என்று நம்பிய தாய், ஊரார் துணிகளைத் துவைத்துக் கொடுத்துக் காசு சேர்த்துப் பாட்டு வகுப்புக்கு அனுப்பினார். ஆசிரியை பியானோவோடு சில பாடல்களைப் பாடவைத்தார். பிறகு பியானோவை நிறுத்திவிட்டு, எந்தத் துணையும் இல்லாமல் உனக்குப் பிடித்ததைப் பாடு என்றார். பையன் ஹேங்க் வில்லியம்ஸின் பாடல் ஒன்றைப் பாடினான். இனி யாரிடமும் பாட்டுக் கற்றுக்கொள்ளாதே, நீ பாடும் முறையை யாரும் மாற்ற விடாதே என்று சொல்லி அந்த ஆசிரியை வகுப்பை நிறுத்திக்கொண்டார்.

இந்த ஆல்பத்தில் கடைசியாக வருவது 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'. நம் சபைகளில் "நான் பாவிதான், ஆனாலும் நீர்" என்று பாடுவார்களே, அதே பாட்டு. டையஸ் தேவாலயத்தில் 12 வயதில் இந்தப் பாடல் ஒலிக்கும்போது எழுந்து பீடத்தின் முன்னால் போனதைக் கேஷ் எழுதியிருக்கிறார். தேவாலயத்தில் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பாட்டோடு ஆர்கனும் ஐம்பது, நூறு குரல்களும் சேர்ந்தே நினைவில் இருக்கும். இங்கே அவை எதுவும் இல்லை. மெட்டு மேலே ஏறும் இடத்தில் பழைய பலம் குரலுக்கு இல்லை. அவர் அதை மறைக்கவில்லை, மெதுவாகக் கடந்து போகிறார். மின்விசிறியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.